பல்சுவை இதழ்

பல்சுவை இதழ் என்பது சிறுகதை, தொடர்கதை, நகைச்சுவைத் துணுக்கு, கேலிச்சித்திரம், திரைப்பட விமர்சனம், இசை விமர்சனம், அரசியல், ஆன்மிகம், சமையற்குறிப்பு எனத் தம்முள் நேரடித் தொடர்பற்ற பலவற்றை ஒரே ஏட்டில் கலந்து தரும் பருவ இதழ் ஆகும். தமிழில் இவ்வகை பெரும்பாலும் வார இதழாகவே வளர்ந்தது. ஆனந்த விகடன் (1926), கல்கி (1941), குமுதம் (1947), குங்குமம் (1978) ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்க் குடும்பங்களுக்கு நூல், திரைப்படம், இசை, பிற்காலத்தில் தொலைக்காட்சி நாடகம் ஆகிய நான்கும் தனித்தனி உலகங்களாக அறிமுகமாகவில்லை. நான்கையும் ஒரே வாசலில் கொண்டுவந்து சேர்த்தவை இவ்விதழ்களே. தொடர்கதைக்காக இதழை வாங்கியவர் கச்சேரி விமர்சனத்தையும் படித்தார். சினிமாச் செய்திக்காகப் புரட்டியவர் ஒரு சிறுகதையில் நின்றார். தாம் தேடாத ஒன்றை வாசகர் எதிர்கொள்ள நேர்வதே இவ்வகை இதழின் தலையாய இயல்பு எனலாம்.

பெயரும் இயல்பும்

'சுவை' என்னும் சொல் நாவிற்கும் கலைக்கும் பொதுவானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றை விளக்கும் உரையாசிரியர்கள் சுவை என்னும் சொல்லைக் கையாள்கின்றனர். எனவே பல கலைகளைக் கலந்து நுகர்வதைப் 'பல்சுவை' என்பது தமிழுக்குப் புதிய உருவகம் அன்று.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்டு பீட்டர்சன் 1990களில், உயர்கலை எனப்படுவதை மட்டும் நாடிய மேல்தட்டினர் எல்லா வகைக் கலைகளையும் நுகர்வோராக மாறி வருவதைச் சுட்டி, அவர்களைக் கலை நுகர்வில் 'அனைத்துண்ணிகள்' என்றார். தமிழ்நாட்டு நிலை இதனினின்று வேறானது. இங்கு அந்தக் கலப்பு மேல்தட்டிலிருந்து தொடங்கிய மாற்றம் அன்று. சில அணாக்களுக்கு விற்ற வார இதழ் வழியாக நடுத்தர வீடுகளில் அது முன்பே பழகிப்போயிருந்தது.

ஆனந்த விகடனும் 'கர்நாடக'மும்

ஆனந்த விகடனை 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கினார். 1928இல் அதனை வாங்கிய எஸ். எஸ். வாசன் நகைச்சுவை, படங்கள், பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டி ஆகியவற்றால் விற்பனையைப் பெருக்கினார். பின்னாளில் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி 'சந்திரலேகா' (1948) போன்ற பெரும் பொருட்செலவுப் படங்களை எடுத்தவரும் இவரே. பல்சுவை இதழுக்கும் திரைப்படத்துக்கும் இடையிலான உறவு உரிமையாளரிடமிருந்தே தொடங்கியது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

1930களில் இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதினார். இசை, நடனம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றை இலக்கணச் சொற்களில் அடக்காமல், கச்சேரி கேட்டுவிட்டு வந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்வது போன்ற நடையில் எழுதினார். பாகவதரின் குரல்வளத்தைப் போலவே மேடையில் அவர் காட்டும் அங்கசேட்டையும் விமர்சனத்துக்கு உரியதாயிற்று. ஓவியர் மாலி அதே காலத்தில் இசைக்கலைஞர்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்தார். கச்சேரிக்குச் சென்றிராதவரும் வித்துவான்களை இவ்வாறு முகம் அறிந்து, குணம் அறிந்து வைத்திருந்தனர். ராகத்தின் பெயர் தெரியாத வாசகரை இசை பற்றிப் படிக்க வைத்ததே 'ஆடல் பாடல்' பகுதியின் பெரிய பணி என்று கூறலாம்.

தியாகபூமி

நூலும் திரைப்படமும் இசையும் ஒருங்கே நிகழ்ந்ததற்குத் 'தியாகபூமி' (1939) முதன்மையான எடுத்துக்காட்டாகும். கல்கியின் இக்கதை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்துகொண்டிருந்தபோதே கே. சுப்பிரமணியம் அதனைத் திரைப்படமாக இயக்கினார். தொடருக்கு ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் நிழற்படங்களே அச்சிடப்பட்டன. வாரந்தோறும் கதையைப் படித்தவர்கள் அதன் மாந்தர்களை நடிகர்களின் முகங்களாகவே கண்டனர். படத்தைப் பின்னர்க் கண்டவர்களுக்குக் கதை முன்பே தெரிந்திருந்தது.

கதையில் கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னர் உமாராணி என்னும் செல்வப் பெண்மணியாகத் திரும்பி வருகிறாள். கணவன் சேர்ந்து வாழ வழக்குத் தொடுக்கும்போது அவனோடு வாழ மறுத்து, ஜீவனாம்சம் வேண்டுமானால் அவனுக்குத் தானே தருவதாகக் கூறுகிறாள். அவளுடைய தந்தையான சம்பு சாஸ்திரி தாழ்த்தப்பட்டோருக்குத் தம் வீட்டில் இடம் தந்ததற்காக ஊராரால் ஒதுக்கப்படுகிறார். எஸ். டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும், கருநாடக இசை அறிஞர் பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும் நடித்தனர். டி. கே. பட்டம்மாள் படத்தில் பாடினார். விடுதலைப் போராட்டக் கருத்துகளுக்காகப் பிரித்தானிய அரசு இப்படத்தைத் தடை செய்தது. அரசு படத்தை நிறுத்த முடிந்ததே தவிர, ஏற்கெனவே வீடுகளுக்குச் சென்றுவிட்ட இதழ்களைத் திரும்பப் பெற முடியவில்லை. ஒரே கதை இரு வடிவங்களில் இருந்ததன் பயன் இங்கு வெளிப்படுகிறது.

கல்கி இதழ்

ஆனந்த விகடனிலிருந்து விலகிய கல்கி, டி. சதாசிவத்துடன் சேர்ந்து 1941இல் தம் பெயரிலேயே வார இதழைத் தொடங்கினார். இதற்கான முதலீடு வந்த வழி குறிப்பிடத்தக்கது. சதாசிவத்தின் மனைவியான இசைக்கலைஞர் எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' (1941) திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியமே இதழுக்கு மூலதனமாயிற்று. ஒரு பாடகி திரைப்படத்தில் ஈட்டிய பணத்தில் பிறந்த வார இதழிலேயே தமிழின் புகழ்பெற்ற வரலாற்றுத் தொடர்கதைகள் வெளியாயின.

'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை' ஆகியவற்றைத் தொடர்ந்து 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வெளிவந்தது. மணியத்தின் ஓவியங்கள் இத்தொடரோடு பிரிக்க முடியாதவாறு இணைந்தன. வந்தியத்தேவன், நந்தினி ஆகியோரின் தோற்றம் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த விவாதங்கள் பலவும் இந்த ஓவியங்களை அளவுகோலாகக் கொண்டன. எம். ஜி. இராமச்சந்திரன் 1950களின் இறுதியில் இக்கதையைப் படமாக்க உரிமை பெற்றும் அம்முயற்சி நிறைவேறவில்லை. மணிரத்னம் இயக்கத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில் இரு பாகங்களாக 2022இலும் 2023இலும் திரைப்படமாக வெளிவந்தது.

கல்கி இதழ் தமிழிசை இயக்கத்தை ஆதரித்தது. திராவிட இயக்கத்தோடு கல்கிக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சி. என். அண்ணாதுரையின் 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்டபோது, அவரைப் பெர்னாட்சாவோடு ஒப்பிட்டுப் பாராட்டி எழுதினார். அரசியலில் எதிரணியில் நின்றவரின் நாடகத்தையும் சுவைக்கலாம் என்பதை வாசகர்கள் அவ்விமர்சனத்தில் கண்டனர்.

குமுதமும் பிறவும்

எஸ். ஏ. பி. அண்ணாமலையை ஆசிரியராகக் கொண்ட குமுதம், கலப்பை இன்னும் விரைவானதாக்கியது. ஒரு பக்கக் கதை, இரண்டு வரி விமர்சனம், சினிமாத் துணுக்கு ஆகியவற்றுக்கிடையே சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா' போன்ற நீண்ட தொடர்கள் ஓடின. ரா. கி. ரங்கராஜன், 'பாக்கியம் ராமசாமி' என்னும் பெயரில் அப்புசாமிக் கதைகளை எழுதிய ஜ. ரா. சுந்தரேசன், புனிதன் ஆகியோர் பல புனைபெயர்களில் பலவகைப் பகுதிகளை நிரப்பினர். வாசகர் பல எழுத்தாளர்கள் என்று எண்ணியது பல வேளைகளில் அலுவலகத்தின் மூன்று மேசைகளே.

வாசகர் தொகை பெருகியதும் அதன் அழுத்தமும் பெருகியது. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் தொடர், ஒரு சாராரின் எதிர்ப்பால் இடையில் நிறுத்தப்பட்டது. அது பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் புதிதாக எழுதப்பட்டது.

பல்சுவையை ஒரே பத்திக்குள் அடக்கியவர் என்றும் சுஜாதாவைக் கூறலாம். மின்னணுப் பொறியாளரான இவர் பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவுக் கருவியின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். கணையாழி என்னும் இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ். ஆர்.' என்ற பெயரிலும், பிற்காலத்தில் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' பகுதியிலும் சங்கப் பாடல், அயல்நாட்டுத் திரைப்படம், கணினி, திரைப்பாடல், பெயர் அறியப்படாத இளங்கவிஞரின் நான்கு வரி ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதினார். பொறியியல் படித்த ஒரு தலைமுறையினர் புறநானூற்றின் பெயரை வகுப்பறைக்கு வெளியே கேட்டது இப்பத்திகளில்தான் எனலாம்.

எதிர்ப்புகள்

இக்கலப்பை எல்லோரும் வரவேற்கவில்லை. புதுமைப்பித்தனுக்கும் கல்கிக்கும் இடையே தழுவல் இலக்கியம் பற்றிக் கடுமையான விவாதம் நிகழ்ந்தது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' உள்ளிட்ட சிற்றிதழ்கள் வணிக இதழ்களின் எழுத்தை இலக்கியமாக ஏற்க மறுத்தன. வாரந்தோறும் ஒரு திடுக்கிடும் முடிவு தேவைப்படும் தொடர்கதையில் ஆழம் அமையாது என்பது அவர்களின் முக்கிய வாதம். அதில் உண்மை உண்டு. பல தொடர்கள் நூலாகத் தொடர்ந்து படிக்கும்போது அயர்வூட்டுகின்றன.

மற்றொரு குறை சமூகம் சார்ந்தது. தொடக்ககால இதழ்களின் கதைக்களங்கள் பெரிதும் நகர்ப்புறப் பார்ப்பன நடுத்தரக் குடும்பங்களையே சுற்றின. 'பல்சுவை' என்ற சொல்லில் இருந்த பன்மை மாந்தர்களில் இல்லை. திராவிட இயக்கத்தினர் திராவிட நாடு, முரசொலி போன்ற தம் இதழ்களில் கதையும் நாடகமும் எழுதித் தமக்கென வேறொரு வாசகப் பரப்பை உருவாக்கினர். அண்ணாதுரையின் 'வேலைக்காரி' நாடகமாகவும் 1949இல் திரைப்படமாகவும் வெற்றி பெற்றது.

திரைக்கும் தொலைக்காட்சிக்கும்

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலுவின் ஓவியங்களுடன் வெளிவந்து, 1968இல் ஏ. பி. நாகராசனால் படமாக்கப்பட்டது. நாதசுவரக் கலைஞனுக்கும் நாட்டியக் கலைஞருக்கும் இடையிலான இக்கதையில், திரையில் சிவாஜி கணேசன் வாசிப்பதாகக் காட்டப்பட்ட நாதசுவர இசையை மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வழங்கினர். கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலைக் கொண்டு 1978இல் மகேந்திரன் தம் முதல் படத்தை இயக்கினார். நாவலை அப்படியே பின்பற்றாத இப்படம், இளையராஜாவின் இசையாலும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவாலும் நாவலினும் நீண்ட புகழ் பெற்றது.

இதழ்கள் படங்களை மதிப்பிடவும் செய்தன. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு மதிப்பெண் வழங்கியது. '16 வயதினிலே' (1977) பெற்ற 62.5 இன்றும் நினைவுகூரப்படும் எண்ணாகும். தேர்வு விடைத்தாள் திருத்துவது போல் அரை மதிப்பெண்ணைக்கூட விடாத இம்முறையைத் திரையுலகினரும் எதிர்நோக்கினர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கியது. நாடகத் தொடர்களுக்குக் கதை தேடியபோது தூர்தர்சன் வார இதழ்களின் பழைய பக்கங்களையும் நாடியது. தேவனின் 'துப்பறியும் சாம்பு' தொடரில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அறிபுனைத் தொடராக வந்தது. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' குடிப்பழக்கத்தால் ஒரு குடும்பம் சிதைவதைக் காட்டியது. அதில் தியாகுவாக நடித்த ரகுவரன் வீடுதோறும் அறியப்பட்டார். படிக்கும்போது தனியே எதிர்கொண்ட ஒரு துன்பத்தை, தொலைக்காட்சியின் முன் முழுக் குடும்பமும், சிலவேளை குடிக்கும் தந்தையும் உடன் அமர்ந்து, பார்க்க நேர்ந்தது.

1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் நிலைமை மாறியது. 'சித்தி', 'மெட்டி ஒலி' போன்ற நாள்தோறும் வரும் தொடர்கள், தொடர்கதையின் 'தொடரும்' என்ற உத்தியை எடுத்துக்கொண்டு தொடர்கதைக்கான நேரத்தையும் எடுத்துக்கொண்டன. விகடன் குழுமமே தொலைக்காட்சித் தயாரிப்பில் இறங்கியது. தேவயானி நடித்த 'கோலங்கள்' (2003-2009) அக்குழுமத்தின் தயாரிப்பாகும்.

இலங்கையில்

இலங்கைத் தமிழரிடையேயும் இவ்விதழ்கள் பெரிதும் விற்பனையாயின. 1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு தென்னிந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பழகிய தொடர்கதைகள் பாதியில் நின்றது வாசகருக்கு இழப்பே. எனினும் உள்ளூர் எழுத்துக்கு இது வாய்ப்பாயிற்று. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் இலங்கையிலேயே திரைப்படமாயிற்று. தமிழ்நாட்டில் காணப்பட்ட இதழ், நூல், திரை என்னும் தொடர்ச்சி, கடல் கடந்து வேறொரு வழியில் மீண்டும் நிகழ்ந்தது.

சென்னையின் மேற்குப் புறநகரில்

பல்சுவை இதழின் தேவையை நன்கு விளக்குவது நகரின் மையம் அன்று, விளிம்பு. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய மேற்குப் புறநகர்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இப்பகுதி இலக்கியத்துக்குப் புதிது அன்று. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூரும், திருமழிசையாழ்வாரின் திருமழிசையும் பூந்தமல்லிக்கு அருகில் உள்ளன. பூவிருந்தவல்லி என்றும் வழங்கும் பூந்தமல்லியே திருக்கச்சி நம்பிகளின் ஊர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் சபாக்களும் நாடக அரங்குகளும் பெரிய திரையரங்குகளும் மயிலாப்பூர், தியாகராய நகர், அண்ணா சாலை ஆகிய இடங்களிலேயே குவிந்தன. தொடருந்து நிலையம் இல்லாத பூந்தமல்லியிலிருந்து மார்கழிக் கச்சேரிக்குச் சென்று இரவில் திரும்புவது பேருந்தை நம்பிய குடும்பத்துக்கு எளிதாக இருந்ததில்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960களில் உருவானபோது பல மாவட்டங்களிலிருந்து தொழிலாளரும் பொறியாளரும் இங்குக் குடியேறினர். அவர்களுக்குச் சபா உறுப்பினர் சீட்டும் இல்லை, சொந்த ஊர்த் திருவிழா நாதசுவரமும் இல்லை. கச்சேரி வானொலி வழியாகவும், அதைப் பற்றிய பேச்சு சுப்புடு போன்ற விமர்சகர்களின் எழுத்து வழியாகவும் வந்து சேர்ந்தன. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய இதழ் ஒன்று வாங்கப்பட்டால், அது அடுத்த வீடு, எதிர் வீடு எனச் சுற்றி, இறுதியில் முடிதிருத்தகத்தின் மரப்பலகையில் மேலட்டை இழந்து கிடக்கும். எத்தனை பேர் வாங்கினர் என்பதைக் கொண்டு எத்தனை பேர் படித்தனர் என்பதைக் கணிக்க இயலாது.

பிற்காலத்தில் இவ்வுறவு தலைகீழானது. செம்பரம்பாக்கத்தில் உள்ள இ. வி. பி. படப்பிடிப்பு நகரில் பெரும் திரைப்பட அரங்குகள் அமைக்கப்பட்டன. 2017இல் தொடங்கிய 'பிக் பாஸ்' தமிழ் நிகழ்ச்சிக்கான வீடும் அங்கு அமைக்கப்பட்டது. 2024 சனவரியில் தமிழ்நாடு அரசு பூந்தமல்லிக்கு அருகே 500 கோடி ரூபாய் மதிப்பில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என அறிவித்தது. கலையைத் தாளில் பெற்றுவந்த பகுதி, அதனைத் தயாரித்து அனுப்பும் பகுதியாகியுள்ளது.

கட்டடம் செய்யப்பட்ட தொடர்கள்

தொடர்கதையின் பக்கங்களை வாரந்தோறும் இதழிலிருந்து பிரித்தெடுத்து, தைத்து, 'பைண்டு' செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் வீட்டுப் பெண்களே இதனைச் செய்தனர். ஒரு வாரம் தவறினால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி இட்டுநிரப்புவர். கிடைக்காத அத்தியாயத்தைக் கையால் படியெடுத்துச் சேர்த்ததும் உண்டு.

இத்தொகுப்புகளின் மதிப்பு கதையோடு முடிவதில்லை. பதிப்பகங்கள் தொடரை நூலாக்கும்போது பெரும்பாலும் ஓவியங்களை விட்டுவிட்டன. வீட்டுத் தொகுப்புகளிலோ ஓவியம் உள்ளது. அத்தியாயம் முடிந்த இடத்தில் இடம்நிரப்ப இட்ட நகைச்சுவைத் துணுக்கு, பக்கத்தின் மறுபுறத்தில் வெட்டுப்பட்ட கச்சேரி விமர்சனம், புதுப்பட விளம்பரம், சோப்பு விளம்பரம் ஆகியவையும் உள்ளன. ஒரு கதை எவற்றுக்கு நடுவே படிக்கப்பட்டது என்பதற்கு இவற்றை விடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் மலிவான தாளில் அச்சானதால் இவை பழுத்து, மடிக்கும் இடத்தில் உடைந்துவிடுகின்றன. வீடு மாறும்போது முதலில் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போவதும் இவையே. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ரோஜா முத்தையா தனிமனிதராகத் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் உருவானது. இத்தகைய அச்சுப் பொருட்கள் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன.

இன்றைய நிலை

கல்கி 2020இல் அச்சு வடிவை நிறுத்தி இணைய இதழாக மாறியது. ஆனந்த விகடனும் குமுதமும் இணையத்திலும் இயங்குகின்றன. நெடுந்தொடர்கதைகளின் இடம் சுருங்கி, இணையவழித் திரைத்தொடர்களின் அறிமுகம் அவ்விடத்தைப் பெற்றுள்ளது. நூல், படம், பாடல், தொடர் ஆகிய அனைத்தும் கைப்பேசியில் கிடைக்கின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனிச் செயலியில், அவரவர் முன்பு விரும்பியதையே மீண்டும் பரிந்துரைக்கும் முறையில் கிடைக்கின்றன. தொடர்கதை தேடி வந்தவருக்குக் கச்சேரி விமர்சனத்தைக் காட்டும் செயலி இன்னும் பரவலாகவில்லை.